பாழ்நிலத்தில் ஒளிந்து செல்லல்

பேரழிவொன்றினால் உலகம் சிதைந்தபின் எஞ்சிய மாந்தர் எவ்வாறு உயிர் பிழைப்பர் என்பதைப் பொருளாகக் கொண்ட கணினி விளையாட்டுகள் இன்று நம் மாணவரிடையே பெரிதும் வழங்குகின்றன. பெற்றோர் பலர் இவற்றைச் சுடுதலும் கொல்லுதலும் நிறைந்த வெற்றாரவாரம் என்றே கருதுவர். ஆயின், அவற்றுட் சிறந்தவை போரைக் காட்டிலும் போரைத் தவிர்க்கும் திறனையே மிகுதியும் வேண்டி நிற்கின்றன. அத்திறனுக்கு நம் முன்னோர் இலக்கணமும் வகுத்துள்ளனர். இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

ஒளிந்து செல்லும் ஆட்டத்தைப் புகழ்பெறச் செய்தவற்றுள் ஒன்று, 1987ஆம் ஆண்டு ஜப்பானில் ஹிதியோ கோஜிமா வடிவமைத்த 'மெட்டல் கியர்' என்பதாகும். அக்காலக் கணினித் திரையிற் பல உருவங்களை ஒருங்கே இயக்குதல் அரிதாயிருந்தது. ஆகவே, பகைவரைப் பெருக்காது, இருக்கும் சிலர் கண்ணிற் படாமல் நழுவிச் செல்வதையே ஆட்டமாக்கினர். கருவியின் குறை கலையின் நிறைவாயிற்று. அழிந்த உலகைக் காட்டும் விளையாட்டுகள் இம்முறையை எளிதில் தழுவிக்கொண்டன. அதற்குக் காரணமும் உண்டு. பாழ்பட்ட உலகில் எல்லாப் பொருளும் அருமையுடையன. தோட்டா சில, மருந்து சிறிது, சுட்ட ஓசையோ மேலும் பகைவரை அழைத்து வரும். ஆதலின், செலவின்றி வெல்வதே அங்கு வெற்றி.

உக்ரேனியர் 2007இல் வெளியிட்ட 'ஸ்டாக்கர்' என்னும் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். 1986 ஏப்ரல் 26ஆம் நாள் செர்னோபில் அணு உலை வெடித்தது. மக்கள் அகற்றப்பட்ட பிரிப்பியாத் நகரும் அதனைச் சூழ்ந்த விலக்கு நிலமுமே இவ்விளையாட்டின் களம். அங்கே கண்ணுக்குப் புலனாகாத கொடிய பொறிகள் தரையெங்கும் உள. ஆடுவோன் ஒரு மரையாணியை முன்னே எறிந்து, அது வீழும் தன்மையைக் கண்ட பின்னரே அடியெடுத்து வைத்தல் வேண்டும். 2010இல் வந்த 'மெட்ரோ 2033' என்பதில், மொஸ்கோ நகரின் நிலத்தடித் தொடருந்துச் சுரங்கங்களில் மக்கள் ஒடுங்கி வாழ்கின்றனர். கதைத்தலைவன் வெளிச்சத்தில் நிற்கின்றானா இருளில் நிற்கின்றானா என்பதை அவன் கைக்கடிகாரமே உணர்த்தும். விளக்கை அணைத்து, நிழலில் நகர்வோன் பிழைப்பான். 2013இல் வெளிவந்த 'த லாஸ்ட் ஒவ் அஸ்' என்பதிலோ, பூஞ்சண நோயாற் கண்ணிழந்தோர் சிலர் செவியினாலேயே இரை தேடுவர். அவரிடம் இருளாற் பயனில்லை. ஓசையை அடக்குதலே காப்பு. ஒரு புட்டியைத் தொலைவில் எறிந்து அவர் செவியைத் திசைதிருப்பி, மறுபுறமாகச் செல்லலாம்.

இவற்றிலிருந்து நான்கு நெறிகள் பெறப்படும். எதிரி எப்புலனால் அறிகின்றான் என ஆராய்தல் முதலாவது. நகருமுன் நின்று நோக்கி, அவன் வரும் போகும் ஒழுங்கை அறிதல் இரண்டாவது. மீளும் வழியை முன்னரே தெரிந்துகொள்ளுதல் மூன்றாவது. வந்த கருமம் முடிந்ததும் பேராசையால் தாமதியாது அகலுதல் நான்காவது.

இனி, நம் நூல்களை நோக்குவாம். தொல்காப்பியம் புறத்திணையியலில் வெட்சித் திணைக்குக் கூறப்படும் துறைகளுட் 'செலவு' என்பது அயலார் அறியாதவாறு செல்லுதல். 'வேய்' என்பது ஒற்றரால் உளவறிதல். ஊரை வளைத்தலும் ஆநிரை கவர்தலும் இவற்றின் பின்னரே வைக்கப்பட்டன. அறிந்து செயற்படுக என்பதே அவ்வைப்புமுறை உணர்த்தும் பாடம். திருவள்ளுவரும் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்றதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்தார். ஒற்றாடலுக்கெனத் தனியதிகாரமும் வகுத்தார். காலம் வாயாதபோது கொக்கைப்போல ஒடுங்கியிருந்து, வாய்த்தபோது அது குத்துமாறு போல விரைந்து முடிக்க என்பது அவர் கருத்து. நம் வாவிக் கரையில் அசையாது நிற்கும் கொக்கைக் கண்டோர்க்கு இதற்கு உரை வேண்டா. ஆழ்நீரில் வெல்லும் முதலை நீரை நீங்கினால் தோற்கும் என்ற அவர் உவமையும் இவ்வாவி வாழ்நர்க்குப் புதிதன்று.

கம்பர் காட்டும் அனுமன் இக்கலையின் பேருருவம் எனலாம். ஊர் தேடு படலத்தில் அவன் இலங்கையின் மனைதோறும் பிறர் அறியாமற் புகுந்து தேடுகின்றான். ஆயினும், சீதையைக் கண்ட பின்னர் அவள்முன் தன்னை வெளிப்படுத்தி, தான் இன்னான் என உரைக்கின்றான். ஒளிதல் அவனுக்கு வழியேயன்றி இயல்பன்று. நன்னோக்கம் நிறைவேறும் இடத்தில் அது நீங்கியது. நள்ளிரவிற் போர்வைக்குள் ஒளிந்து கைத்தொலைபேசியில் விளையாடும் மாணாக்கர் இவ்வேறுபாட்டைச் சிந்திப்பாராக.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. பாழ்நிலம் என்பது நமக்கு வெறுங் கற்பனையன்று. 1978 நவம்பரிற் சூறாவளியும், 2004 திசெம்பர் 26இல் ஆழிப்பேரலையும், பல்லாண்டுப் போரும் இம்மாவட்டத்தில் ஊர்களை வெறுமையாக்கின. விட்டுச் சென்ற வீடும் வளவும் தேடி மீண்டோர் மிதிவெடிக்கு அஞ்சியே அடிவைத்தனர். வெடியகற்றுவோர் நிலத்தை அங்குலம் அங்குலமாகச் சோதித்துத் துப்புரவாக்கிய பின், 2017இல் மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடி அபாயம் நீங்கிய மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. எனினும், வெள்ளம் அரித்த மண்ணிலும் புதிதாய்த் திருத்தும் காட்டிலும் பழைய வெடிபொருள் தலைகாட்டுதல் கூடும்.

விளையாட்டிற் கற்ற கலை இங்கே உதவாது. காவலனுக்குக் கண் உண்டு; மிதிவெடிக்குக் கண்ணுமில்லை, செவியுமில்லை. மெல்ல நடப்போனையும் அது அறியாது, ஓடுவோனையும் அறியாது, மிதித்த காலை மட்டுமே அறியும். மரையாணி எறிந்து சோதித்தலும் இங்கே மடமையாம். ஐயத்திற்குரிய பொருளைக் கண்டால் தொடாது நிற்க. வந்த சுவட்டிலேயே மீள்க. பெரியோர்க்கும் பொலிசாருக்கும் உடனே அறிவிக்க. திரையில் இறந்தவன் சேமித்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்குவான். மண்ணில் இறந்தவனுக்கு அத்தகைய இடம் இல்லை.

ஆகவே, இவ்விளையாட்டுகளை முற்றும் வெறுத்தலும் வேண்டா. அவற்றுள் மூழ்குதலும் வேண்டா. கடல்கடந்து வாழும் நம் பழைய மாணவர் தம் பிள்ளைகள் அருகமர்ந்து, அவர்கள் ஆடும் பாழ்நிலத்தைச் சற்றே நோக்குவாராயின், தாம் பிறந்த மண் கடந்துவந்த காலத்தை அவர்க்கு எடுத்துரைக்க அதுவே நல்ல வாயிலாகும். நின்று நோக்கலும், அடக்கமும், அளவறிந்து மீளலும் எக்காலத்துக்கும் உரிய கல்வியன்றோ!