விலை பூஜ்யம், சுமை 6 ஜிபி

டெபியன் ஓர் இலவச லினக்ஸ் இயங்குதளம். 1996 ஜூனில் வெளியான அதன் 1.1 பதிப்பில் 474 பேக்கேஜ்கள், அதாவது நிறுவத் தயாரான மென்பொருள் பொதிகள். 2023 ஜூனில் வந்த 12-இல் 64,419. 2025 ஆகஸ்ட் 9-இல் வந்த 13-இல் 69,830-க்கும் மேல். அந்தப் பதிப்பின் முழுக் களஞ்சியமும் 403 ஜிபி. தமிழக அரசின் எல்காட் நிறுவனம் வழியே நம் பிள்ளைகளுக்குக் கிடைத்த மடிக்கணினிகளில் இருந்த பாஸ் லினக்ஸ், மத்திய அரசின் சென்னை சி-டாக் நிறுவனம் 2007 முதல் வெளியிட்டுவருவது, இதே டெபியன் வழி வந்தது. எதற்கும் உரிமக் கட்டணம் கிடையாது. செலவு முழுதும் இறக்குவதில்தான்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் அந்தச் செலவு கூடுதல். நாகலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் 20 கணினிகள், சிக்னல் நொடிக்கு 1 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். 300 எம்பி மென்பொருள் ஒரு கணினிக்கு வந்துசேர 40 நிமிடம். இருபதும் தனித்தனியே இறக்கினால் 6 ஜிபி, 13 மணி 20 நிமிடம். இறக்கியதைச் சேமித்துவைத்துப் பகிரும் ஏபிடி-கேச்சர்-என்ஜியை ஒரு கணினியில் நிறுவிவிட்டால் பதிவிறக்கம் ஒரே தடவை. மற்ற 19-க்கும் ஆய்வகத்துக்குள்ளேயே பரிமாறலாம்.

எதைத் தேடுவது? டெபியனில் மென்பொருளைத் தேடி நிறுவும் கருவி ஏபிடி. அதில் 'ஏபிடி சர்ச்' பெயரைக் காட்டும், 'ஏபிடி ஷோ' அளவைக் காட்டும். தமிழ் எழுத்துரு, தமிழ்99 விசைப்பலகை, படத்திலிருந்து தமிழ் எழுத்தைப் பிரித்தெடுக்கும் டெசராக்ட் எல்லாமே உண்டு. ஒன்றைக் கேட்டால் அது சார்ந்திருக்கும் மற்றவையும் கூடவே வரும். அதனால்தான் நிறுவும் முன் எத்தனை புதியவை, எவ்வளவு இறக்கம், வட்டில் எவ்வளவு இடம் என்று ஏபிடி கணக்குச் சொல்லி அனுமதி கேட்கிறது. அந்த எண்களைப் படிக்காமல் 'ஒய்' தட்டுவது மலையில் கட்டுப்படியாகாது.

சிக்னலே இல்லாத ஊருக்கு ஏபிடி-ஆஃப்லைன் இருக்கிறது. எழுதியவர் இந்திய டெபியன் உருவாக்குநர் ரித்தேஷ் ராஜ் சராஃப். தேவைப் பட்டியல் ஒரு சிறு கோப்பாகப் பென்டிரைவில் இறங்கும். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு தாண்டிச் சேலம் சுமார் 30 கி.மீ. அங்கே விண்டோஸ் கணினியில்கூட இறக்கிக்கொண்டு திரும்பலாம். டெபியனின் கையொப்பம் சரிபார்க்கப்படுவதால் பென்டிரைவில் வந்ததாயிற்றே என்ற அச்சம் வேண்டாம்.

ஏற்காட்டுப் பள்ளிகள் அனைத்துக்கும் சேர்த்து முழுக் களஞ்சியத்தின் நகலை வைக்க ஒரு 500 ஜிபி வட்டு போதும் என்பது என் கணக்கு. 403 ஜிபியை மலையில் 1 மெகாபிட் வேகத்தில் இறக்க 37 நாள். சேலத்தில் 100 மெகாபிட் இணைப்பில் 9 மணி. ஒரு பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 5 ஆண்டு வரும். அவற்றைத் தவறாமல் மேலே கொண்டுவர ஓர் ஆசிரியரிடம் பொறுப்பை ஒப்படைத்து, பேருந்துக் கட்டணத்தையும் கொடுத்துவிட வேண்டும்.