தலைமடையும் கடைமடையும்

1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பெற்றது. குறுவைச் சாகுபடிக்கு அதனைத் திறக்கும் நாளாக ஜூன் 12-ஆம் தேதி தஞ்சைத் தரணியில் வழக்கமாயிற்று. அந்நாளை நம்பி நாற்று விடுவது இப்பொழுது எளிதன்று. 2012-இல் செப்டம்பரிலும், 2018, 2024 ஆகிய ஆண்டுகளில் ஜூலையிலுமே அணை திறக்கப்பட்டது. 2023-இல் உரிய நாளில் திறந்தும் அக்டோபர் 10-ஆம் தேதியே மூட நேர்ந்தது. 2016-இல் வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. தண்ணீர் குறைந்த ஆண்டு எது என்பதைச் சங்கத்தின் தவணை தவறிய பயிர்க்கடன் கணக்கே சொல்லிவிடும்.

மழையைப் பெய்விக்க நம்மால் இயலாது. வந்த நீரை அளவறிந்து செலவிட இயலும். நெற்பயிர் நீரில் நிற்க வல்லதே அன்றி, எந்நாளும் நின்றே தீரவேண்டியதன்று. நம்மவர் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்று வழங்கும் முறைக்கு, சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஓர் எளிய அளவுகோலைத் தந்துள்ளது. 30 சென்டிமீட்டர் நீளமுள்ள குழாயின் கீழ்ப்பாதியில் துளையிட்டு, அப்பாதியை வயலில் புதைத்து, உள்ளே புகுந்த மண்ணை அகற்றிவிட வேண்டும். குழாயினுள் நீர்மட்டம் நிலப்பரப்புக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பின்னர், 5 சென்டிமீட்டர் உயரத்திற்கு நீர் கட்டினால் போதும். நட்ட முதல் இரு வாரங்களிலும், பூக்கும் தருணத்திற்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் வயலைக் காயவிடலாகாது. இவ்வாறு செய்தால் விளைச்சல் குன்றாமல் 30 சதவீதம் வரை நீர் மிச்சமாகும்.

எனினும் இதனைத் தனி ஒருவர் செய்துவிட முடியாது. வயலுக்கு வயல் நீர் பாயும் இடத்தில், ஒருவர் காய்ச்ச நினைக்கும்பொழுது அடுத்தவர் பாய்ச்சுவார். மேலும், தலைமடையில் மிச்சமாகும் நீர் கடைமடை வயலுக்கே பயன்படும். “அதனால் எனக்கென்ன லாபம்?” என்று தலைமடை விவசாயி வினவலாம். நியாயமான கேள்வியே. கடைமடையில் பயிர் கருகினால் கடன் நிலுவையில் நிற்பது, அவரும் பங்கு வைத்திருக்கும் அதே சங்கத்தில் அன்றோ? வசூல் குறைந்தால் அடுத்த போகத்திற்கு அவருக்குக் கிடைக்கவேண்டிய கடனும் சுருங்கும்.

ஆதலின் குறுவைக்கு முன்னரே, ஒரே வாய்க்காலில் பாசனம் பெறும் அங்கத்தினர்கள் சங்கத்தில் கூடி நான்கு காரியங்களை முடிவு செய்தல் நலம். ஒரே வயதுடைய நெல் ரகம், பொது நாற்றங்கால், வாய்க்காலையும் வடிகாலையும் தூர்வாரும் நாள், நீர் பாய்ச்சும் முறை ஆகியவையே அவை. கடன் பத்திரத்தில் ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்கும் நாம், தண்ணீரிலும் அவ்வாறே நிற்போமாக.