கடல் கடந்த பார்சி ஆட்டக்காரர்கள்

சம்பளம் வாங்காத கிரிக்கெட் ஆட்டக்காரர்கள் ஊரை விட்டுக் கிளம்பி, பழக்கமில்லாத மைதானங்களில் நாள் கணக்காகத் தொடர்ந்து ஆடும் வழக்கம் இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே வேரூன்றிவிட்டது. 1845இல் தோன்றிய ஐ ஸிங்காரி கழகத்துக்குச் சொந்த மைதானமே கிடையாது. ஊர் ஊராகப் போய் ஆடுவதுதான் அதன் வாழ்க்கை. இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்கு இப்படிக் கப்பலேறிய முதல் அணி பம்பாய்ப் பார்சிகளுடையது. ஆண்டு 1886.

பார்சி இளைஞர்கள் 1848இலேயே ஓரியண்டல் கிரிக்கெட் கிளப்பைத் தொடங்கியிருந்தார்கள். ஆனால் நல்ல களம் எளிதில் கிடைக்கவில்லை. அவர்கள் ஆடிய பொது மைதானத்தில்தான் வெள்ளையர்கள் போலோ ஆடினார்கள். குதிரைக் குளம்புகள் ஆடுகளத்தைக் குதறிப்போட்டன. இதை எதிர்த்து எழுதிய விண்ணப்பங்களின் கதையை, அதில் முன்னின்ற ஷாபூர்ஜி சொராப்ஜி 1897இல் நூலாகவே வெளியிட்டார். பந்து எங்கே விழுந்து எப்படி எழும் என்று சொல்ல முடியாத அந்தத் தரையில் பழகியவர்கள் இங்கிலாந்துக்குப் போய் ஆட எண்ணியதே பெரிய துணிச்சல்.

1878இல் எடுத்த முதல் முயற்சி நிறைவேறவில்லை. இரண்டாவது முறை ஏற்பாடுகள் கவனமாக நடந்தன. சர்ரே கழகத்தின் தொழில்முறை ஆட்டக்காரர் ராபர்ட் ஹெண்டர்சன் பம்பாய்க்கு வந்து பயிற்சி கொடுத்தார். இங்கிலாந்தில் ஆட்டங்களைப் பேசி முடிக்கும் பொறுப்பை சர்ரேயின் செயலர் சார்ல்ஸ் ஆல்காக் ஏற்றார். மருத்துவர் தன்ஜிஷா படேல் அணித் தலைவரானார். சிற்பிகளும் ஓவியர்களும் இத்தாலியின் மேதைகளை வணங்கப் போவதுபோல் இவர்கள் கிரிக்கெட்டின் தாயகத்தை வணங்கப் போகிறார்கள் என்ற பொருள்பட பம்பாயின் பார்சித் தலைவர் பெரோஸ்ஷா மேத்தா வாழ்த்தினார். யாரையும் வெல்லக் கிளம்பிய அணியல்ல அது, கற்றுக்கொள்ளக் கிளம்பியது.

பாடம் கடுமையாகவே வந்தது. மே இறுதியில் லார்ட்ஸில் எம்.சி.சி. அணி 313 ஓட்டங்கள் குவித்தது. பார்சிகள் முதல் இன்னிங்ஸில் 23, இரண்டாவதில் 66. எதிரே நின்றவர் இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் டபிள்யூ. ஜி. கிரேஸ், 65 ஓட்டங்கள் எடுத்ததோடு இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 11 விக்கெட்டுகளையும் வீழ்த்தினார். பயணம் முடிந்தபோது கணக்கு இது: 28 ஆட்டங்கள், ஒரே ஒரு வெற்றி, 19 தோல்வி, 8 டிரா.

இந்தக் கணக்கை மட்டும் பார்த்து அந்த அணியை எடைபோடுவது நியாயமாகாது. பம்பாயின் காய்ந்த மண் தரையில் பழகிய மட்டையாளருக்கு இங்கிலாந்தின் ஈரப் புல்தரை முற்றிலும் வேறு உலகம். நனைந்த களத்தில் பந்து தயங்கி வரும். வெயில் ஏறி மேல்தரை காயத் தொடங்கினால் திடீரென்று திரும்பும், எகிறும். கோடையின் தொடக்கத்தில் குளிரில் விறைத்த விரல்களால் பந்தைப் பிடிப்பதே பாடு. இவற்றோடு ஓய்வில்லாத அட்டவணை வேறு: ஓர் ஊரில் ஆட்டம் முடிந்த கையோடு மூட்டை கட்டி ரயிலேறி, அடுத்த ஊரில் மறுபடி களமிறங்க வேண்டும். எதிரணிக்கு அது உள்ளூர், நன்றாகத் தூங்கி எழுந்த உடம்பு. வந்த அணிக்கோ, ஒருவருக்குக் காயம் பட்டால் அந்த இடத்தை நிரப்ப ஆட்கள் குறைவு. பெரும் தொழில்முறை அணிகளைப் போல ஊரிலிருந்து மாற்றாளை வரவழைக்கவும் வழியில்லை. தொடர்ந்து தோற்றும் அட்டவணையைக் கடைசி ஆட்டம் வரை ஆடி முடித்தார்களே, அந்த மன உறுதிதான் இந்தப் பயணத்தில் முதலில் பாராட்ட வேண்டியது.

இரண்டே ஆண்டுகளில், 1888இல், பெஸ்டன்ஜி காங்கா தலைமையில் இரண்டாவது அணி புறப்பட்டது. இம்முறை 31 ஆட்டங்களில் 8 வெற்றி, 11 தோல்வி, 12 டிரா. இந்த மாற்றத்துக்கு முதன்மையான காரணம் ஒருவர்: வேகப் பந்துவீச்சாளர் மெஹல்லாஷா பாவ்ரி. அந்த ஒரு பயணத்திலேயே அவர் 170 விக்கெட்டுகள் எடுத்தார். ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்தது சராசரியாக 12 ஓட்டங்களுக்கும் குறைவு. முதல் அணியைத் திணறவைத்த ஈரக் களம், நல்ல பந்துவீச்சாளர் ஒருவர் கையில் ஆயுதமாக மாறிவிட்டது. பாவ்ரி பின்னாளில் மருத்துவரானார். 1895இல் மிடில்செக்ஸ் அணிக்காகவும் ஓர் ஆட்டம் ஆடினார்.

அடுத்து, பயணம் எதிர்த்திசையில் நடந்தது. 1889-90 குளிர்காலத்தில் ஜி. எஃப். வெர்னன் தலைமையில் ஆங்கிலேய அமெச்சூர் அணி ஒன்று இந்தியாவுக்கு வந்தது. இந்தியாவில் சுற்றிய முதல் ஆங்கிலேய அணி அதுதான். இப்போது புழுதியும் வெயிலும் நீண்ட ரயில் பயணமும் அவர்கள் பங்கு. சென்ற இடமெல்லாம் அவர்களுக்கு வெற்றியோ டிராவோ கிடைத்தது, ஓர் இடத்தைத் தவிர. 1890 ஜனவரி இறுதியில் பம்பாய் ஜிம்கானா மைதானத்தில் பார்சிகள் அவர்களை நான்கு விக்கெட் வித்தியாசத்தில் வீழ்த்தினார்கள். வென்றவர்களில் பாவ்ரியும் இருந்தார். ஜிம்கானா அப்போது ஐரோப்பியர்களுக்கு மட்டுமான கழகமாக இருந்தது. அதன் களத்தைச் சூழ்ந்து திரண்ட நகர மக்களின் கண்முன் நடந்தது அந்த வெற்றி. இந்திய அணி ஒன்று ஆங்கிலேயச் சுற்றுப்பயண அணியைத் தோற்கடித்தது அதுவே முதல் முறை.

1892-93இல் ஹாக் பிரபு கூட்டி வந்த அணியும் பம்பாயில் பார்சிகளிடம் ஓர் ஆட்டத்தை இழந்தது, மறு ஆட்டத்தை மயிரிழையில் வென்றது. ஐரோப்பியருக்கும் பார்சிகளுக்கும் இடையிலான பிரசிடென்சி ஆட்டங்கள் 1892இலிருந்து முதல்தர ஆட்டங்களாகக் கணக்கில் வருகின்றன. 1907இல் இந்துக்களும் 1912இல் முஸ்லிம்களும் சேர்ந்துகொள்ள, அது நான்கு அணிகளின் போட்டியாக வளர்ந்தது.