பந்து நின்ற மைதானம்



அமெரிக்கக் கல்லூரிகளில் கால்பந்துப் பயிற்சியாளர் பதவி காலியானால் போதும், அடுத்து வரப்போவது யார் என்ற பேச்சு ஊரெல்லாம் பரவிவிடும். அங்கே பல மாநிலங்களில் மிக அதிகச் சம்பளம் வாங்கும் அரசு ஊழியரே அந்தப் பயிற்சியாளர்தான்!

சிகாகோ பல்கலைக்கழகமோ வேறு வழியில் நடந்தது. 1892-இல் அமோஸ் அலோன்சோ ஸ்டாக் என்பவரைப் பயிற்சியாளராக அமர்த்தி, பேராசிரியர்களுக்கு நிகரான இடம் தந்தது. அவர் 41 பருவங்கள் அணியை நடத்தினார். ஆனால் 1939-இல் பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ், படிப்பே முதன்மை என்று கால்பந்து அணியையே கலைத்தார்.

1942 டிசம்பர் 2 அன்று, கால்பந்து நின்றுபோன, ஸ்டாக் பெயர் தாங்கிய மைதானத்தின் பார்வையாளர் மேடைக்கு அடியில், இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மியின் குழு தானே தொடரும் அணுக்கருத் தொடர்வினையை முதன்முதலாக நிகழ்த்திக் காட்டியது.

கோப்பைகள் அலமாரியை அழகாக்கும். பல்கலைக்கழகத்தை உயர்த்துவது அறிவுதான்!