விலை உயர்ந்த கருவியை வாங்கலாமா?
பார்வையற்ற மாணவர்களுக்கான தொழில்நுட்பம் குறித்துச் சில செய்திகள்

பார்வையற்ற மாணவர் படிக்கும் பள்ளிகளுக்கு இப்போது ஒரு நல்ல தொல்லை வரத் தொடங்கியிருக்கிறது. முன்னாள் மாணவர்களோ ஊர்ப் பெரியவர்களோ வந்து, "அந்தப் பிள்ளைக்கு ஏதாவது நவீனக் கருவி வாங்குங்கள், பணம் நாங்கள் தருகிறோம்" என்கிறார்கள். கைப்பேசியில் ஒரு காணொலியையும் காட்டுகிறார்கள். கேமரா பொருத்திய கண்ணாடியை அணிந்த ஒருவர் புத்தகத்தைப் பிரிக்கிறார், கண்ணாடி அதை உரக்க வாசிக்கிறது. பார்க்கும் எவருக்கும் உடனே வாங்கிவிடத் தோன்றும்.

எங்கள் பள்ளிக்கும் இப்படி ஒரு வாய்ப்பு வந்தது. ஒன்பதாம் வகுப்பில் பிறவியிலேயே பார்வை இல்லாத மாணவி ஒருத்தி படிக்கிறாள். கண்ணாடியின் விலை ஒன்றரை லட்சத்துக்கு மேல். பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசியபோது, விசாரித்துச் சொல்லும் பொறுப்பைத் தலைமை ஆசிரியர் என்னிடம் கொடுத்தார். நான் தமிழாசிரியர், கணினிக்காரன் அல்லன். விசாரித்ததில் தெரிந்துகொண்டவை மற்ற பள்ளிகளுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில், அந்தக் கண்ணாடி செய்யும் வேலை என்ன? எழுத்தைப் படம் பிடிக்கிறது, படத்திலுள்ள எழுத்துகளை அடையாளம் காண்கிறது, குரலாக மாற்றுகிறது. இந்த மூன்றையும் இன்று சாதாரண ஆண்ட்ராய்டு கைப்பேசியும் செய்யும். திரையில் உள்ளதை வாசித்துக்காட்டும் டாக்பேக் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலேயே இருக்கிறது. ஐபோனில் அதே வேலைக்கு வாய்ஸ்ஓவர் உண்டு. அச்சுப் பக்கத்தைப் படமெடுத்து வாசிக்கும் செயலிகள் பல இலவசமாகக் கிடைக்கின்றன. அப்படியானால் ஒன்றரை லட்சம் எதற்கு? கைகள் ஓய்வாக இருப்பதற்கு. ஒரு கையில் வெள்ளைக்கோலும் மறு கையில் பையுமாகச் சாலையில் நடப்பவருக்கு அது பெரிய வசதிதான். மேசைமுன் உட்கார்ந்து படிக்கும் மாணவிக்கு அந்த வசதி அவ்வளவு விலை பெறுமா என்பதே எங்கள் கேள்வியானது.

விற்பனையாளரிடம் செயல்விளக்கம் கேட்டோம். பொதுவாக இவர்கள் கொண்டுவருவது வழவழப்பான தாளில் பெரிய எழுத்தில் அச்சிட்ட ஆங்கிலப் பக்கம். அதைத் தவிர்த்துவிட்டு, எங்கள் பொருள்களையே கொடுத்தோம்: ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல், பெட்டிச் செய்திகள் நிறைந்த சமூக அறிவியல் பக்கம், மங்கலாக நகலெடுத்த வினாத்தாள், கரும்பலகையில் நான் எழுதிய நான்கு வரிகள். உரைநடைப் பாடத்தைக் கருவி ஓரளவு நன்றாகவே வாசித்தது. செய்யுள் பக்கத்தில் பாடலையும் சொல்லும் பொருளையும் கலந்து வாசித்தது. பெட்டிச் செய்தி பாடத்தின் நடுவே புகுந்துகொண்டது. என் கையெழுத்தை அதனால் படிக்க முடியவில்லை. (மாணவர்களும் அப்படித்தான் சொல்வார்கள், அது வேறு.) கணக்குப் புத்தகத்தின் பின்னங்களில் மேல் எது, கீழ் எது என்று தெரியவில்லை. எந்தக் கருவியை வாங்குவதாக இருந்தாலும், நம் வகுப்பில் இருக்கும் பொருளை வைத்தே சோதிக்க வேண்டும் என்று அன்று எங்களுக்குப் புரிந்தது. முடிந்தால் இரண்டு வாரம் இரவலாகக் கேட்டு, மாணவர் கையிலேயே கொடுத்துப் பார்க்கலாம்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. கேட்பது வேறு, வாசிப்பது வேறு. காதால் மட்டுமே படிக்கும் பிள்ளைக்குப் 'பல்லி'யும் 'பள்ளி'யும் ஏறக்குறைய ஒரே ஒலி. நம் பேச்சில் ழகரம் எப்படி வருகிறது என்பதும் நமக்குத் தெரியும். ல, ள, ழ, ர, ற, ந, ன, ண ஆகியவற்றை எங்கே இட வேண்டும் என்பதைக் கண் கற்றுக்கொடுக்கும். கண் இல்லாதவருக்கு விரல் கற்றுக்கொடுக்க வேண்டும். 1951இல் இந்திய மொழிகளுக்காகப் பொதுவாக வகுக்கப்பட்ட பாரதி பிரெயிலில் இவை ஒவ்வொன்றுக்கும் ஆறு புள்ளிகளுக்குள் தனித்தனி வடிவம் உண்டு. அச்சில் 'கொ' என்று எழுதக் கொம்பு முன்னும் கால் பின்னும் நிற்கும். பிரெயிலில் ககர மெய்க்குறியும் ஒகரக் குறியும் ஒலிக்கும் வரிசையிலேயே வரும். ஒருவகையில் அது நம் எழுத்தைவிட எளிது. எங்கள் மாணவி தொடக்கப்பள்ளியில் பிரெயில் கற்றவள், ஆனால் இடையில் கைப்பேசிக்கு மாறியதால் வேகம் குறைந்துவிட்டது. வாசித்துக்காட்டும் கண்ணாடி வந்தால் இருக்கும் பிரெயிலும் போய்விடும் என்று வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர் கவலைப்பட்டார். எனக்கும் அதே கவலை.

அப்படியானால் பிரெயில் காட்டும் மின்னணுக் கருவி வாங்கலாமே என்று ஓர் உறுப்பினர் கேட்டார். கணினியிலோ கைப்பேசியிலோ உள்ள எழுத்து, புள்ளிகளாக மேலெழும்பி விரலுக்குத் தட்டுப்படும் கருவி அது. அதன் விலை ஏன் அதிகம் என்றால், ஒவ்வொரு புள்ளியையும் தூக்க, மின்சாரம் பட்டால் வளையும் தனிப் பீங்கான் பட்டை ஒன்று வேண்டும். ஒரு கட்டத்துக்கு 8 புள்ளி. 40 கட்டம் உள்ள கருவியில் தனித்தனியே அசையும் 320 ஊசிகள். விற்பனையாகும் எண்ணிக்கையும் குறைவு. ஆகவே விலை லட்சத்தைத் தாண்டுகிறது. வேறு நுட்பத்தில் செய்யப்பட்ட 20 கட்டக் கருவிகள், ஆர்பிட் ரீடர் போன்றவை, இதைவிட மிகக் குறைந்த விலைக்கு வந்துவிட்டன. கல்லூரிக்குப் போய் நூல்நூலாகப் படிக்கப் போகிறவருக்கு இது தகுந்த செலவு என்றே நினைக்கிறேன். ஆனால் ஒரே ஒரு வரிதான் தெரியும். கணக்குக்கு அது போதாது.

இவ்வளவும் பேசிய பிறகுதான் மாணவியை அழைத்துக் கேட்டோம். முதலிலேயே கேட்டிருக்கலாமே என்பீர்கள். என்னென்ன கருவிகள் உண்டு என்று சொல்லாமல் கேட்டால், "நீங்க எது வாங்கிக் கொடுத்தாலும் சரி சார்" என்றுதான் பதில் வரும். எல்லாவற்றையும் விளக்கிய பின் அவள் சொன்னாள்: "கணக்குப் போடும்போது முந்தின வரியில என்ன போட்டேன்னு நானே தொட்டுப் பாக்கணும் சார்."

அதன் பொருள் சிறப்பாசிரியருக்கு உடனே விளங்கியது. பிரெயில் சட்டத்தில் எழுத்தாணியால் குத்தும்போது வலமிருந்து இடமாக, கண்ணாடிப் பிம்பம்போல எழுத வேண்டும். எழுதியதைப் படிக்கத் தாளைக் கழற்றித் திருப்ப வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் இப்படிச் செய்துகொண்டு எப்படிச் சமன்பாட்டைத் தீர்ப்பது? பெர்கின்ஸ் பிரெயில் தட்டச்சுப் பொறியில் புள்ளிகள் மேல்நோக்கியே எழும்பும். எழுதிய கையோடு தொட்டுப் படிக்கலாம். 1951இல் சந்தைக்கு வந்த பொறி அது. மின்சாரம் வேண்டாம், இணையம் வேண்டாம், பராமரித்தால் பல பத்தாண்டுகள் உழைக்கும். மலிவானதும் அல்ல. அதை வாங்குவது என்று முடிவு செய்தோம். கூடவே ஒரு மடிக்கணினி. அதில் என்விடிஏ என்னும் திரைவாசிப்பான் மென்பொருளை நிறுவினோம். 2006இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் தொடங்கியது அது. இன்றும் இலவசம், தமிழிலும் வாசிக்கும். ஜாஸ் என்னும் கட்டண மென்பொருளும் நன்றாக இருக்கும். அலுவலகங்களில் அதற்குத் தேவை உண்டு. பள்ளிப் படிப்புக்கு இது போதும். இரண்டும் சேர்ந்தும் கண்ணாடியின் விலையை எட்டவில்லை.

கண்ணாடி வீண் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நடுவயதில் பார்வையிழந்த ஆசிரியர் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் அத்தகைய கண்ணாடியைத் தம் சேமிப்பில் வாங்கியிருக்கிறார். வங்கியிலிருந்து வரும் கடிதத்தை மகனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாமல் தாமே படிக்கிறார். "அதுக்கே அந்தக் காசு தகும்" என்றார். எழுத்து முழுவதையும் கண்ணால் கற்றுவிட்டவர் அவர். அவருடைய தேவை வேறு, பதினான்கு வயது மாணவியின் தேவை வேறு. அதேபோல், ஓரளவு பார்வை உள்ள பிள்ளைகளுக்கு மேற்சொன்ன எதுவும் வேண்டியிருக்காது. உருப்பெருக்கியும் பெரிய எழுத்தும் முன்வரிசை இருக்கையும் பல நேரம் போதும்.

நன்கொடை திரட்டும் முன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 17ஆம் பிரிவு, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள மாணவர்களுக்கு 18 வயது வரை நூல்களையும் உதவிக் கருவிகளையும் கட்டணமின்றி வழங்கச் சொல்கிறது. வட்டார வள மையத்தின் மூலம் கிடைக்கக்கூடியதை அங்கே கேட்டுப் பெற்றுவிட்டு, கிடைக்காததற்கு நன்கொடையைப் பயன்படுத்தலாம். கருவி யார் பெயரில் இருக்கும் என்பதையும் தீர்மானத்தில் எழுதிவிடுவது நல்லது. இருப்புப் பதிவேட்டில் ஏறிவிட்டதற்காக, தொலைந்துவிடுமோ என்று பயந்து பீரோவில் பூட்டி வைக்கப்பட்ட கருவிகளை நான் கண்டிருக்கிறேன். எங்கள் தீர்மானத்தில், விடுமுறையிலும் பொறி மாணவியின் வீட்டில் இருக்கும் என்று எழுதினோம்.

கடைசியாக, செலவே இல்லாத ஒரு வேலை. திரைவாசிப்பான் ஒருங்குறியில் தட்டச்சு செய்த தமிழை மட்டுமே சரியாக வாசிக்கும். பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக உளறும். எங்கள் பள்ளியில் பாடக்குறிப்புகள் பலவும் அப்படித்தான் இருந்தன. இந்தப் பருவம் முதல் வகுப்புத் தேர்வு வினாக்களை ஒருங்குறியில் அடித்து, அவளுக்குக் கோப்பாகவும் கொடுக்கிறோம். தமிழும் சமூக அறிவியலும் முடிந்தன. அறிவியலில் பாதி ஆகியிருக்கிறது. வடிவியல் படங்களுக்கு மட்டும் அட்டையில் பசை தடவி நூல் ஒட்டுகிறோம். அதை உடன் படிக்கும் மாணவிகள் இருவர் என்னைவிட நேர்த்தியாகச் செய்கிறார்கள்.