சேர்ந்து மூன்று மாதத்தில் சம்பள உயர்வா?

"முதலாளி, ஒரு விசயம் கதைக்கோணும்."

கடை வைத்திருக்கும் நம்மில் பலருக்கு இந்த வசனத்தைக் கேட்டதுமே முகம் மாறிவிடும். ஒன்றில் முற்பணம் கேட்கப் போகிறார்கள், அல்லது வேலையை விட்டு நிற்கப் போகிறார்கள், அல்லது சம்பளத்தைக் கூட்டச் சொல்லப் போகிறார்கள். சேர்ந்து சில மாதங்களே ஆன ஒருவர் இதைச் சொன்னால் எரிச்சல் இரட்டிப்பாகும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அந்த எரிச்சலுக்கு நான் கொடுத்த விலையைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

2022 ஜனவரியில், கோப்பாயில் பருத்தித்துறை வீதியோரம் இருக்கும் எனது கட்டடப் பொருள் கடையில் விற்பனைக்கு ஓர் இளைஞரைச் சேர்த்தேன். மாதம் 25,000 ரூபா. கைதடிப் பக்கத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். ஒரு மாதத்துக்குள் எந்த அளவுக் குழாய் எந்தத் தட்டில் இருக்கிறது, எந்த மேசனுக்கு எவ்வளவு கடன் நிற்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஏப்ரல் முதல் வாரத்தில், கடை பூட்டிச் சாவியைத் தரும்போது மேலே சொன்ன வசனத்தைச் சொன்னார். 5,000 ரூபா கூட்டித் தர முடியுமா என்று கேட்டார்.

"சேர்ந்து மூண்டு மாதந்தானே தம்பி. ஒரு வருசம் போகட்டும், பாப்பம்" என்றேன்.

"சரி முதலாளி" என்று போனவர், அந்த மாத முடிவில் நின்றுவிட்டார். நன்றி கெட்ட பொடியன் என்று பக்கத்துக் கடைக்காரரிடம் குறைப்பட்டுக் கொண்டேன்.

அந்த நாட்களை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவர் சேர்ந்தபோது 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 177 ரூபா. மார்ச் மாதத்தில் 254. அவர் நின்ற ஏப்ரலில் 338. மே மாதம் 420, ஜூனில் 470. மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். அந்தத் தம்பி கேட்டது 20 சதவீதம்.

இதில் எனக்குப் பிறகு உறைத்தது வேறொரு விடயம். அதே மூன்று மாதத்தில் சீமெந்துக்கும் கம்பிக்கும் நான் எத்தனை தடவை விலை மாற்றினேன்? சில கிழமைகளில் காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. "டொலர் கூடிப் போச்சு, நாங்கள் என்ன செய்யிறது" என்று வாடிக்கையாளருக்குச் சொன்னேன். அவர்களும் ஏற்றுக் கொண்டார்கள். அந்த இளைஞரிடம் விற்பதற்கு இருந்த ஒரே சரக்கு அவருடைய உழைப்பு. அதன் விலையை அவர் ஒரேயொரு தடவை மாற்றக் கேட்டார். நான் பாடம் நடத்தினேன்.

சரி, நட்டக் கணக்குக்கு வருவோம். சம்பளத்தில் 5,000 ரூபா கூட்டினால் முதலாளிக்குச் செலவு 5,000 அல்ல. ஊழியர் சேமலாப நிதிக்கு நமது பங்கு 12 சதவீதம், 600 ரூபா. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 சதவீதம், 150 ரூபா. மொத்தம் 5,750. ஊழியரின் கைக்குப் போவது அவருடைய 8 சதவீதம் கழிந்து 4,600. ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை ஒன்பது மாதத்துக்கு எனக்கு 51,750 ரூபா முடிந்திருக்கும்.

அதை மிச்சம் பிடித்த நான் என்ன செய்தேன்? மே மாதம் முழுவதும் ஆள் தேடினேன். ஜூனில் கிடைத்தவர் 32,000க்குக் குறைந்து வரமாட்டேன் என்றார். வேறு வழியில்லை. பழைய சம்பளத்தைவிட 7,000 அதிகம், நிதிகளோடு சேர்த்து 8,050. டிசம்பர் வரை ஏழு மாதத்துக்கு 56,350 ரூபா. புதியவர் வேலை பழகும்வரை மாறிக் கொடுத்த சாமான்களும், ஆள் தெரியாமல் கொடுத்துத் திரும்பி வராத கடன்களும் இந்தக் கணக்கில் இல்லை. அவற்றை எழுதிக் கூட்ட எனக்கு மனம் வரவில்லை.

இந்தத் தவறைப் பெரிய கைகளும் செய்திருக்கின்றன. அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டின் கார்த் தொழிற்சாலையில் 1913ஆம் ஆண்டில் ஆட்கள் நின்று போவது 370 சதவீதம். அதாவது நூறு பேரின் வேலைக்கு வருடத்தில் 370 பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் அவர் நாட்கூலியை 5 டொலராக்கி, வேலை நேரத்தையும் ஒன்பது மணியிலிருந்து எட்டாகக் குறைத்தார். அது வரை கூலி 2.34 டொலர். தர்மத்துக்குச் செய்யவில்லை, ஆட்கள் ஓடுவதை நிறுத்தச் செய்தார். ஆனால் அந்த 5 டொலருக்குப் புதியவர்கள் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்றும் ஒரு நிபந்தனை வைத்தார். எப்போது கிடைக்கும் என்பது சேரும் நாளிலேயே தெரியும். நான் அந்தத் தம்பியிடம் சொன்ன "பாப்பம்" என்ற வார்த்தையில் திகதி ஏதும் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு கேட்டு வந்தவர்களை நான் வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கினேன். ஏன் இவ்வளவு கெதியாகக் கேட்கிறார்? விலைவாசி மாறிவிட்டதா? சொன்ன வேலை ஒன்று, செய்விக்கும் வேலை இன்னொன்றா? அல்லது பக்கத்துக் கடையில் கூடக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டாரா?

மூன்றாவதுக்கு நான் இலகுவில் இறங்குவதில்லை. 2023இல் ஒரு லொறிச் சாரதி இரண்டாம் மாதமே யாழ்ப்பாண நகரத்துக் கடை ஒன்றின் சம்பளத்தைச் சொல்லிக் கேட்டார். அங்கே இரவு ஒன்பது மணி வரை வேலை, இங்கே ஆறு மணிக்குப் பூட்டு என்பதைச் சொல்லி, இப்போது முடியாது என்று நேராகவே சொன்னேன். அவர் போய்விட்டார். இருவருக்கும் மனக்கசப்பு இல்லை. இன்றும் கண்டால் நின்று கதைப்பார்.

இரண்டாவதுதான் நம்மவர்களின் கடைகளில் அதிகம். 2024இல் பில் போடுவதற்கு ஒரு பிள்ளையைச் சேர்த்தேன். இரண்டு மாதத்தில் இருப்புக் கணக்கும் அவர் கையில், கடன் கொப்பியும் அவர் கையில், தொலைபேசியில் வரும் ஓடர்களும் அவர் கையில். நான் கொடுத்ததல்ல, ஒவ்வொன்றாக அவர் பக்கம் சரிந்தது. ஒருநாள் ஒரு தாளில் தான் செய்யும் வேலைகளை எழுதிக் கொண்டு வந்தார். "இப்பவே கூட்டச் சொல்லேல்ல முதலாளி. எப்ப கதைக்கலாம் எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றார். தாளைப் பார்த்தபோது வெட்கமாகிவிட்டது. ஆறாம் மாதம் என்று திகதி குறித்து, தொகையையும் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். வேலை தேடும் பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். இப்படிக் கேட்கச் சொல்லிக் கொடுங்கள்.

உண்மையில் இந்தத் தாளை முதலில் எழுதியிருக்க வேண்டியவன் நான். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின் கீழ், வேலைக்குச் சேரும்போதே பதவி, சம்பளம், படிகள், தகுதிகாண் காலம் முதலியவற்றை எழுத்தில் கொடுக்க வேண்டும். நம்மில் எத்தனை பேர் கொடுக்கிறோம்? தெரிந்தவரின் பிள்ளை என்று வாய்ப்பேச்சில் சேர்ப்பதுதான் வழக்கம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சம்பளத்தைக் கூட்டாமல் "சாப்பாட்டுப் படி", "வாழ்க்கைச் செலவுப் படி" என்று கொடுத்தால் சேமலாப நிதி கட்டத் தேவையில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தப் படிகளும் சட்டப்படி சம்பாத்தியம்தான். மேலதிக நேரக் கொடுப்பனவு அதில் சேராது. பிடிபட்டால் மேலதிகக் கட்டணத்தோடு கட்ட வேண்டி வரும்.

அண்மையில் வந்த சிக்கல் இன்னொரு பக்கத்தால் வந்தது. தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2024இல் 17,500 ஆனது. 2025 ஏப்ரலில் 27,000, 2026 ஜனவரியில் 30,000. நேற்றுச் சேர்ந்தவருக்கும் இதற்குக் குறைய முடியாது. எனது கடையில் சாமான் ஏற்றி இறக்க ஒருவர் பத்து வருடமாக நிற்கிறார். 2025 மார்ச்சில் அவருக்கு 29,000. அடுத்த மாதம் புதிதாக வந்த பொடியனுக்கு 27,000. பத்து வருடத்துக்கும் பத்து நாளுக்கும் இடையில் 2,000 ரூபாதான் வித்தியாசம்.

அவர் கேட்கவில்லை. கேட்கும் சுபாவமும் அவருக்கில்லை. சம்பள நாளன்று நானே கூப்பிட்டு, "அண்ணை, ஒரு விசயம் கதைக்கோணும்" என்றேன். அவர் முகம் மாறியது. வேலையால் நிற்பாட்டப் போகிறேன் என்று நினைத்தாராம்.