சோகை ஒன்றா, பலவா?

“குழந்தைக்குச் சோகை பிடித்திருக்கிறது” என்று நம் வீடுகளில் சொல்வது வழக்கம். முகம் வெளுத்து, நாலு படி ஏறுமுன் மூச்சு வாங்கினால் அதற்கு இந்தப் பெயர்தான். உடனே முருங்கைக் கீரையும் வெல்லமும் கொடுக்கத் தொடங்குகிறோம். இரும்புச் சத்துக் குறைவினால் வந்த சோகையாயின் அது நல்ல காரியமே. ஆனால், தாய் தந்தையரிடமிருந்து பிறவியிலேயே வரும் சோகையும் உண்டு. இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பதில்தான் அபாயம் இருக்கிறது.

1910-ம் வருஷத்தில் சிகாகோ நகர வைத்தியர் ஜேம்ஸ் ஹெரிக் ஒரு விசித்திரமான செய்தியை வெளியிட்டார். கிரெனடா தீவிலிருந்து வந்த மாணவர் ஒருவரின் ரத்தத்தில், வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணுக்களிற் சில, கதிரறுக்கும் அரிவாளைப்போல் வளைந்திருந்தன. 1922-ல் இவ்வியாதிக்கு ‘அரிவாள் அணுச் சோகை’ என்னும் பெயர் ஏற்பட்டது. வளைந்த அணுக்கள் நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைத்துக்கொள்ளும். எலும்பிலும் மூட்டிலும் தாங்கொணாத வலி உண்டாகும். ரத்தத்துக்குச் செந்நிறம் தரும் ஹீமோகுளோபினின் அமைப்பிலேயே பிழை இருப்பதை 1949-ல் லைனஸ் பாலிங்கும் அவருடைய சகாக்களும் காட்டினார்கள்.

இது தூரதேசத்து வியாதியன்று. நம் நீலகிரி மலைவாசிகளிடையேயும் இவ்வணு இருப்பது 1952-ல் வெளியாயிற்று.

இதற்கு உறவான மற்றொன்று தலசீமியா. கடலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. மத்தியதரைக் கடலோரத்துக் குடும்பங்களிலே முதலில் காணப்பட்டதே காரணம். இந்நோய் கடுமையாக உள்ள குழந்தைகளுக்கு அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கிறது. அதனால் உடலில் இரும்பு மிகுந்து, இருதயத்தையும் ஈரலையும் கெடுக்கும். மிகுந்த இரும்பை வெளியேற்றவே வைத்தியர் மருந்து தருகிறார். ‘சோகைதானே’ என்று இரும்பு மருந்து வாங்கிக் கொடுப்பது எவ்வளவு விபரீதம்!

இன்னொரு சொற்குழப்பமும் உண்டு. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இப்பிழையைப் பெற்றவர் பெரும்பாலும் சுகமாகவே வாழ்வார். அவர் பரம்பரைக் கூறு உடையவரேயன்றி நோயாளி அல்லர். அத்தகைய இருவர் மணந்துகொண்டால், பிறக்கும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கும், கூறு மட்டும் வர நான்கில் இரண்டு பங்கும், இரண்டுமின்றிப் பிறக்க நான்கில் ஒரு பங்கும் இடமுண்டு. ஒரு குழந்தை நோயுடன் பிறந்தது. இனி மூன்று தப்பும் என்று எண்ணலாகாது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் இக்கணக்குப் புதிதாகவே தொடங்குகிறது.

குழந்தை நோயுடன் பிறந்தால் தாயின்மேல் பழி போடும் வீடுகள் உண்டு. இவ்வியாதிகளில் தாயும் தந்தையும் சம பங்காளிகள் என்பதை அவ்வீடுகள் உணர வேண்டும். கூறு உடைய பெண்ணை ‘நோய்க்காரி’ என்று ஒதுக்குவதும் அநியாயமே. விவாகத்துக்கு முன் பத்துப் பொருத்தம் பார்க்கும் நாம், இரு வீட்டாரும் ரத்தப் பரிசோதனை ஒன்றும் செய்துகொள்ளலாம். சரியான பெயரை அறிந்தால் பாதிப் பயம் தீரும், வீண்பழியும் நீங்கும்.